பிறர் உதவி தேவையில்லை

காலை ஆறரை மணிக்கு, ஆவடியை அடுத்த சேக்காட்டில் மணவாளன் எதிரே வந்தால், எவரும் ஒருமுறை குனிந்து தம் சட்டையைப் பார்த்துக்கொள்வார்கள். மனிதர் அப்படி இருப்பார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, மழமழவென்று மழித்த கன்னம், இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கத்தரித்த மீசை, கறுப்பு ஷூ. அறுபத்திரண்டு வயது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், ஏரிப்பக்கம் மூடியிருக்கிற பனியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அதே நடையில் திரும்புவார். புதிதாகக் கட்டின அடுக்குமாடியில் குடிவந்த கம்ப்யூட்டர் பிள்ளைகள் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். அவர் தலையை மட்டும் அசைப்பார். பெரிய மனிதர், கை தூக்கிக் கும்பிட மாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவரால் கையைத் தூக்க முடியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால், வடக்கே ஒரு மலைப்பாதையில், பட்டாளத்து லாரி உருண்டது. கழுத்தில் அடி. கால் பிழைத்தது, கை இரண்டும் போயிற்று. பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும். பெரும்பாடுபட்டால் நெஞ்சு வரைக்கும் ஊர்ந்து வரும். ஆனால் ஒரு காகிதத்தைப் பிடிக்கிற பலம் விரல்களில் கிடையாது. ஊனம் என்று எழுதிப் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தில், கூட ஓர் ஆள் வேண்டுமா என்று ஒரு கேள்வி இருந்ததாம். "எம் பொண்டாட்டி கீறா சார்" என்றாராம் மணவாளன். வேண்டாம் என்று எழுதிக்கொண்டார்களாம்.

அப்போது கோமளாவுக்கு இருபத்தாறு வயது. மகள் சுதா கைக்குழந்தை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஊட்டி, இரண்டு பேரைக் குளிப்பாட்டி, இரண்டு பேருக்குப் பட்டன் போட ஆரம்பித்தாள். ஒன்று வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், வானகரத்தில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று இங்கேயே இருக்கிறது.

விடிகாலையில் கோமளா எழுந்திருக்கும்போது முழுசாக எழுந்திருப்பதில்லை. கை மட்டும்தான் எழுந்திருக்கும். பின்கட்டில் வெந்நீர் கொதிக்கிற சத்தமும், தூரத்தில் ஆவடி ஸ்டேஷனில் முதல் எலக்ட்ரிக் ட்ரெயின் ஊதுகிற சத்தமும் ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும். அந்த மயக்கத்திலேயே பிரஷ்ஷில் நுரை ஏறிவிடும். கன்னத்தை இடது கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, தாடைக்கடியில் கீழிருந்து மேலே ஒரு இழுப்பு. பல் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, துவட்டுவது, பனியன், சட்டை, பேன்ட், ஷூ. அவர் வாசலில் இறங்கின பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும். நடுவில் நடந்ததெல்லாம் அவளுக்கே சரியாக நினைவிருக்காது.

சாப்பாடும் அப்படித்தான். ஒரே தட்டு. அவருக்கு வலப்பக்கம் ஒட்டி உட்காருவாள். அவருக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். மணவாளனுக்குக் காரப்பொடி மீன் என்றால் உயிர். ஊசி ஊசியாக முள் இருக்கிற மீன் அது. டி.வி.யில் செய்தி ஓட, ஏதோ பேச்சு நடக்க, அவள் விரல்நுனி தானாகவே தடவித் தடவி முள்ளெடுத்து உருட்டி வாயில் வைக்கும். "இன்னிக்கி நல்ல மீனும்மே, முள்ளே இல்ல" என்பார். முப்பது வருஷமாக முள்ளில்லாத காரப்பொடி தின்றவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

போன வருஷம் கோமளாவுக்கு வலது தோளில் வலி கண்டது. தைலம் தேய்த்தாள், சூடான தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள், வேம்புலியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே நரம்புபோல ஒன்று முக்கால்வாசி அறுந்து தொங்குகிறது என்றார். ஆபரேஷன் செய்ய வேண்டும். அப்புறம் மூன்று மாசம் கையை மார்புக்கு மேல் தூக்கவே கூடாது. இப்படியே விட்டால் முழுசாக அறுந்துவிடும், அப்புறம் ஆபரேஷனும் ஆகாது என்றார்.

"மூணு மாசமா?" என்றாள் கோமளா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூணு வேளை கையை மடக்கி வைத்தாலே வீடு நின்றுவிடும்.

சுதா தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். ஆனால் அப்பாவைக் குளிப்பாட்ட மகளால் ஆகுமா? பட்டாபிராமில் ஒருவர் இருந்தார், எத்திராஜ் என்று பேர், ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழுநாளும் வந்து பார்த்துக்கொள்ளத் தயார். அவருக்குச் சம்பளம் கொடுக்க மணவாளன் பென்ஷன் இடம் தராது. அப்போதுதான் மாஜி ராணுவத்தினர் சங்கத்துக் கிருபாகரன், கூட ஆள் வைத்துக்கொள்ள அரசாங்கமே தனியாகப் படி தருகிற விஷயத்தைச் சொன்னார். அன்றாடக் காரியத்துக்குப் பிறர் உதவி வேண்டும் என்று மெடிக்கல் போர்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

போர்டு என்றதும் கோமளா என்ன செய்தாள் தெரியுமா? மாப்பிள்ளையை ஜோடிக்கிற மாதிரி ஜோடித்தாள். மேலதிகாரிகள் முன்னால் நிற்கப்போகிறார் அல்லவா! சட்டைக்கு இரண்டு தடவை கஞ்சி. மீசைக்குச் சின்னக் கத்தரிக்கோலால் அரைமணி நேரம். ஷூவில் முகம் தெரிந்தது. மணவாளன் லெஃப்ட் ரைட் போட்டு உள்ளே போனார், கேட்டதற்கெல்லாம் "எஸ் சார்" என்றார், வெளியே வந்தார். கோமளா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மாசம் கழித்துக் கடிதம் வந்தது. நன்கு பராமரிக்கப்பட்ட தோற்றம். அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் உதவி தேவையில்லை.

அதைப் படித்ததும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கின மாதிரி முகமெல்லாம் பூத்துவிட்டது. அப்புறம்தான் வயிறு எரிந்தது.

கிருபாகரன் மேல்முறையீடு எழுதிப்போட்டார். மறுபடி போர்டுக்கு வரச்சொல்லிக் கார்த்திகை மாசத்தில் தபால் வந்தது. தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், குடையை வாசலில் கவிழ்த்துவிட்டு அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர், மணவாளனைவிட நாலு வயசு சின்னவர். கோமளா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணாத்தே, இப்ப நான்தான் டாக்டரு. கேள்வி கேக்கறேன், பதில் சொல்லு. சாப்பாடுலாம் எப்டி?"

"நல்லா சாப்பட்றேன் சார். ரெண்டு வேள சோறு, ஒரு வேள டிபனு."

"அத்த கேக்கல. யாரு ஊட்றாங்க?"

"ஊட்றதா? நான் இன்னா கொயந்தையா? நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா குந்திகினு சாப்பட்றோம்."

"சரி, தட்டுலருந்து வாய்க்கு எப்டிப் போவுது?"

மணவாளன் யோசித்தார். குறும்புக்காக இல்லை, உண்மையாகவே யோசித்தார். "கையாலதான்" என்றார்.

"யாரு கையி?"

"இன்னா கிருபா கேள்வி இது? சாப்பட்ற கையி."

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சட்ட?"

"போட்டுகினுதான கீறேன். பாத்தா தெரியல?"

"பட்டனு?"

"அதுவும் போட்டுத்தான கீது?"

டீ மூக்கில் ஏறிக் கிருபாகரன் இருமினார். கோமளாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். அங்கே போனதும் சிரிப்பு நின்றது. மனசு வலித்தது அவளுக்கு. அவர் பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். வீறாப்புக்காகச் சொல்லியிருந்தாலும் புரிந்துகொள்ளலாம். அவர் கண்ணில் அவள் கை படவே இல்லை.

கிருபாகரன் டீ கிளாஸை வைக்கிற சாக்கில் பின்னாலேயே வந்தார். "அண்ணி, கோச்சிக்காதீங்க. தப்பு உங்க மேலதான்."

"நான் இன்னா பண்ணேன்?"

"எல்லாத்தியும் நீங்கதான பண்ணீங்க! அவுரப் பாத்தா யாரு ஆளு வேணும்னு எயிதுவான்? கல்யாணத்துக்குப் பொண்ணு குடுப்பான். இந்த வாட்டி நான் சொல்ற மாதிரி கேளுங்க. நாலு நாளு ஷேவ் பண்ணாதீங்க. அன்னிக்கிக் காலைல கிட்டயே போவாதீங்க. அவுரே சட்டய மாட்டிகினு எப்டி வர்றாரோ, அப்டியே இட்டுகினு வாங்க."

"அப்டியேவா? தொறந்த சட்டையோடவா?"

"அப்டியே."

"நாலு பேரு பாப்பாங்களே, கிருபா."

"பாக்கணும்னுதான அண்ணி போறோம்?"

கோமளா பாத்திரம் தேய்க்கிற நாரைப் பிழிந்து வைத்தாள். "அவுருக்கு அசிங்கமா இருக்குமே."

"உங்க தோளு அறுந்து பூட்சின்னா அப்பால தெனிக்கும் அசிங்கந்தான். ரோசன பண்ணுங்க."

அவர் சொன்னது நியாயம். கோமளா யோசித்துப் பார்த்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

முதல் நாள் பிளேடு தீர்ந்துவிட்டது என்றாள். மணவாளன் நாள் முழுக்கக் கன்னத்தைத் தோளில் உரசிக்கொண்டே இருந்தார். "இன்னாமே, மூஞ்சி கடிக்கிது" என்றார். காலையில் தெருமுனைக்குப் போகவில்லை. இரண்டாம் நாள், கடையில் நல்ல பிளேடு வரவில்லை என்றாள். அவர் ஜன்னலண்டை உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெள்ளையாக முளைத்த தாடியில் அவர் திடீரென்று யாரோ ஒரு கிழவராகத் தெரிந்தார். அவளுக்கு அவரை நேராகப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாளும் கடந்தது. போர்டுக்குப் போகிற அன்று விடிகாலை, வெந்நீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. ட்ரெயின் ஊதிற்று. ஏதோ வெளிச்சமான இடத்தில், பனிக்குள் நடந்துகொண்டிருப்பது போல அவளுக்குச் சுகமாக இருந்தது. விழிப்புத் தட்டினபோது பின்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே மணவாளன், மழமழவென்ற கன்னத்தோடு, காலர் வரைக்கும் பட்டன் போட்டு, மீசை கத்தரித்து, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் கையில் சீப்பு இருந்தது.

"பிளேடு கெட்சிட்சா?" என்றார்.

"கெட்சிட்சி" என்றாள் கோமளா. தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் காத்திருந்த கிருபாகரன் அவர்களைப் பார்த்ததும் நெற்றியில் அறைந்துகொண்டார். ட்ரெயினில் எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அம்பத்தூர் தாண்டினதும் கோமளாவுக்குக் கண் செருகிற்று. பெட்டி முழுக்கச் சட்டை திறந்தபடி ஆட்கள் நின்றார்கள். வேலைக்குப் போகிற பையன்கள், பூக்காரி புருஷன், டிக்கெட் பரிசோதகர்கூட. எல்லோரும் ஒழுங்காக வரிசையில் வந்து அவள் முன்னால் நின்று, பட்டன் போட்டுக்கொண்டு போனார்கள். அவள் கை பஞ்சுபோல இருந்தது, வலியே இல்லை. வரிசை ஜன்னலுக்கு வெளியே, தண்டவாளத்தின் ஓரமாக, மழைக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஒருவராவது அவள் முகத்தைப் பார்ப்பார்களா என்று அவள் ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் குனிந்து தங்கள் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரம்பூரில் வண்டி குலுங்கி நின்றபோது விழித்துக்கொண்டாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. அவள் விரல்கள் மணவாளன் சட்டை மணிக்கட்டைப் பிடித்து நேர்செய்துகொண்டிருந்தன.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் போன தடவை உட்கார்ந்த அதே வராந்தா. அதே வேப்பமரம், ஈரத்தில் பழுத்த இலை ஒவ்வொன்றாகக் கழன்று வந்து சிமென்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊன்றுகோல்காரர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நேரம் நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பதினொன்றரைக்கு உள்ளேயிருந்து பேரைக் கூப்பிட்டார்கள். மணவாளன் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, லெஃப்ட் ரைட் போட்டார்.

முதுகில் ஒரு சுருக்கமில்லாத சட்டை கதவை நோக்கிப் போவதைக் கோமளா பார்த்தாள். மறுபடியும் அதே கடிதம்தான் வரப்போகிறது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எழுந்தாள்.

"அம்மா, கூட வந்தவங்கலாம் வெளியதான் இருக்கணும்" என்று வாசல் ஆள் கையை நீட்டினான்.

"நான் கூட வந்தவ இல்லப்பா" என்று அவன் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

மேஜைக்குப் பின்னால் பச்சைச் சீருடையில் ஒரு டாக்டரம்மா இருந்தார். நாற்பது வயதிருக்கும். பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், "உடை மாத்துறது, குளிக்கிறது எல்லாம் நீங்களே செய்துக்கிறீங்களா?"

"எஸ் மேடம்."

"மேடம், ஒரு நிமிசம்" என்றாள் கோமளா.

"நீங்க யாரும்மா?"

கோமளா நேராக நடந்தாள். மணவாளன் முன்னால் போய் நின்றாள். "மன்னிச்சிக்கய்யா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காலர் பட்டனைக் கழற்றினாள். அடுத்தது, அதற்கு அடுத்தது. ஏழு பட்டனும் கழன்றன. இரண்டு மணிக்கட்டுப் பட்டனையும் கழற்றினாள். தோள் கத்தியது, விடவில்லை. படிய வாரியிருந்த தலையை விரலால் கலைத்தாள். குனிந்து ஷூ நாடாக்கள் இரண்டையும் உருவிவிட்டாள். மணவாளன் திகைத்துப்போய்ச் சிலையாக நின்றார். "இன்னாமே பண்ற? இன்னாமே?" என்றார். சட்டை இரண்டு பக்கமும் விலகிப் பனியன் தெரிந்தது.

"மேடம், இப்ப இவுரு இப்டியே ஆவடி வரைக்கும் போவ முடியாது. சட்டையப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றாள் கோமளா. சுவரோரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி மடியில் அமுக்கிக்கொண்டாள். கை துடித்தது. எழுந்துவிடாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவளை வெளியே போகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போட்டுக்குங்க, மணவாளன்" என்றார்.

மணவாளன் முயன்றார். கட்டளை என்றால் கட்டளைதானே. வலது கை மெல்ல மெல்ல ஊர்ந்து வயிற்றைத் தாண்டி நெஞ்சுக்கு வந்தது. விரல்கள் துணிமேல் பட்டு வழுக்கிக் கீழே விழுந்தன. மறுபடி கொண்டுவந்தார். தாடையால் காலரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, புறங்கையால் பட்டனைத் துளைக்கு நேராகத் தள்ளினார். பட்டன் துளையின் ஓரத்தைத் தொட்டது, அங்கேயே நின்றது, நழுவியது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவர் நெற்றியில் வியர்வை அரும்பிப் புருவத்தில் இறங்கியது. அதைத் துடைக்கவும் கை வேண்டியிருந்தது. மூன்றாவது முறை, நாலாவது முறை. ஐந்தாவது முறை கை வயிற்றுக்கு மேல் ஏறவில்லை.

அப்போது அவர் கோமளா பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானைக்குள் சுருண்டிருந்த கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தொலைந்துபோன தன் சாமான் ஒன்றை வேறொருவர் வீட்டில் கண்டெடுத்தவர் மாதிரி இருந்தது அவர் பார்வை.

"போதும்" என்றார் டாக்டரம்மா. குரல் தணிந்திருந்தது. "மணவாளன், இத்தனை வருஷம் இதையெல்லாம் யார் செய்தாங்க?"

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"முப்பது வர்சமா, எனுக்குக் கை பூட்சின்றதே எனுக்குத் தெரியாம பூட்சி மேடம்."

கோமளாவுக்குக் கண்ணிலிருந்து கொட்டியது. துடைக்கக் கையை எடுக்கத் தோன்றவில்லை, எடுத்தால் அது நேராக அவர் சட்டைக்குத்தான் போகும்.

டாக்டரம்மா பழைய காகிதத்தை ஒதுக்கிவிட்டுப் புதுத் தாளை எடுத்தார். எழுதினதை வாய்விட்டே படித்தார். "அன்றாடக் காரியங்கள் அனைத்துக்கும், எந்நேரமும், பிறர் உதவி தேவை." கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காய ஒரு தடவை ஊதினார். அப்புறம் கோமளாவைப் பார்த்து, "தோள்ல என்னம்மா?" என்றார். அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கேட்டதற்குச் சொன்னாள். "தள்ளிப்போடாதீங்க, சீக்கிரம் செய்துக்குங்க" என்றார் டாக்டரம்மா.

இனி எத்திராஜை வரச் சொல்லலாம். வேறொருவர் கை இந்தக் கன்னத்தை மழிக்கும், முள்ளெடுக்கும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும். ஆனாலும் இன்றைக்கு இது அவள் வேலைதான். எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆறு முடிந்தது. மேல் பட்டன் உயரத்தில் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினாள், பாதியில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கப்போனாள்.

மணவாளன் குனிந்தார். முழங்காலை மடித்து, தரையில் மண்டியிட்டு, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு, "இப்ப போடுமே" என்றார்.